கரண்டுக் கல் மேல் ஓட்டிய லாரி

ரிவர்ஸ்காரர் என்று இப்போது எல்லோரும் கூப்பிடுகிற என் மாப்பிள்ளைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது தலை நரைத்த பிறகுதான். அதற்கு முன்னால் வெறும் லாரிக்காரர். மாப்பிள்ளை என்றால் நான் பெற்ற பெண்ணைக் கட்டியவர் இல்லை. என் பெரியப்பாவுக்கு மூன்று பெண்கள். நடுவுள்ளவள் எனக்கு அக்கா முறை. அந்த அக்காவின் மூத்த மகளைக் கட்டியவர் இவர். அவள் என்னைச் சித்தி என்பாள், இவர் அத்தை என்பார். சொந்தம்தான் இப்படிச் சுற்றி வருகிறதே தவிர, வீடு பக்கம். அவர்கள் மாடியில், நான் கீழே. யார் என்ன கோபத்தில் படி இறங்குகிறார்கள் என்பது செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

மாடியில் இருந்தது இரண்டு ஜோடி. லாரிக்காரரும் என் அக்கா மகளும். லாரிக்காரரின் தம்பியும் அவன் மனைவியும். வீட்டில் ஓரகத்திகள் இரண்டு பேரையும் பெரியவள், சின்னவள் என்றுதான் சொல்வோம். தம்பிக்குச் சின்னவன் என்றே பெயர் ஆகிவிட்டது. பெரியவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. சின்னவளுக்கு ஒரு பெண் குழந்தை. அதற்குப் பசித்தால் ஒரு அம்மா, அடி விழுந்தால் ஓடி ஒளிந்துகொள்ள இன்னொரு அம்மா.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே லாரியில் ஓடினார்கள். அண்ணன் டிரைவர், தம்பி கிளீனர். அவர்கள் அப்பா கல் உடைக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். சின்னவன் தவழ்கிற வயதிலேயே காலமானார். தாய்மாமன் மூத்தவரை லாரியில் ஏற்றிவிட்டார். தம்பிக்கு மீசை முளைத்ததும் மூத்தவர் அவனைத் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். ஒரே துண்டில் முகம் துடைப்பார்கள், ஒரே சோப்பில் குளிப்பார்கள், நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். டயரில் காற்று போதுமா, எந்த டீக்கடையில் நிறுத்துவது, எந்த ரோட்டில் போவது, எல்லாவற்றுக்கும் சண்டை. "ரெண்டு மாமியாரை ஒரே வண்டியில ஏத்திவிட்ட மாதிரி இருக்குய்யா" என்பாராம் லாரி முதலாளி.

ஒருநாள் டைல்ஸ் லோடு இறக்கப் போனார்கள். பட்டப்பகல். கிடங்கு வாசலில் லாரியைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தம்பி இறங்கிப் பின்கதவைத் திறப்பான் என்று இவர் பார்த்தார். இறங்கவில்லை. "ஏறி உக்காந்துட்டா இறங்க மாட்டாரு துரை" என்று திட்டிக்கொண்டே இவரே இறங்கிச் சுற்றிப் போய் இடப்பக்கக் கதவை இழுத்தார். கதவில் சாய்ந்திருந்தவன் அப்படியே வெளியே சரிந்தான். முகத்தில் துண்டு கிடந்தது. உடம்பு குளிர்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு இதயம்தான் என்றார். "ரொம்ப நேரம் ஆயிடுச்சே. கூட யாரும் இல்லையா?" என்று கேட்டார். கூட இருந்தவர் அவருக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அதற்கப்புறம் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் அவர்தான் செய்தார். வண்டி பிடித்தார், ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார். அழவில்லை. லாரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்து மாடியில் உட்கார்ந்தார். கொதிக்கிற டீயை ஒருநாள் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். வாயெல்லாம் கொப்பளம். "சுடலையா?" என்று பெரியவள் பதறிப் போய்க் கேட்டாள்.

"பாக்கலையே" என்றார்.

சின்னவள் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. வந்த கூட்டம் எல்லாம் போன பிறகு ஒருநாள், அவர் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரமாகப் பார்த்து நின்றாள்.

"மாமா, கடைசியா அவரு என்ன பேசுனாரு?"

"தூங்கிட்டே போயிட்டாம்மா."

"தூங்குறதுக்கு முன்னாடி?"

கையை உதறினார், துண்டை எடுத்தார், மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டார். மறுபடி கேட்டாள், மறுபடி இறங்கினார். பெரியவளுக்குத் தாங்கவில்லை. "இருக்கிறவரையும் பிடுங்கித் தின்னாதடி. அவரு வாயில என்ன முத்தா வச்சிருக்காரு?" என்றாள். "முத்து இல்லக்கா. என் வீட்டுக்காரரோட பேச்சு. அது எனக்கு வேணும்" என்றாள் இவள். ஓரகத்திகளுக்குள் அதுவரை பெரிதாகச் சண்டை வந்ததில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் தனித்தனியாகக் கீழே வந்து என் சமையல்கட்டில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி போனபிறகு ஒருத்தி.

சின்னவளின் அண்ணன் வெளியூரில் பட்டறை வைத்திருப்பவர். தங்கையையும் குழந்தையையும் கூட்டிப் போக வந்தார். பாத்திரம் பண்டம் எல்லாம் கட்டச் சொன்னார். இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா வாயிலேருந்து அந்த ஒரு வார்த்தை வராம நான் வரமாட்டேண்ணே. இங்கேருந்து போயிட்டா அப்புறம் யாருகிட்ட கேப்பேன்?"

"பைத்தியக்காரி. ஒரு வார்த்தைக்காக உக்காந்திருப்பியா?"

"உக்காந்திருப்பேன்."

பள்ளிக்கூடம் திறக்கிறதற்குள் மறுபடி வருகிறேன், அப்போது வந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார். பெரியவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அந்த வார்த்தை வராமலே இருந்தால் குழந்தை இங்கேயே இருக்கும் இல்லையா? அதை அவள் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா என்ன.

இந்தச் சமயத்தில்தான் கரண்டுக் கல் வேலை வந்தது.

ஊருக்கு வெளியே புதிதாக ஒரு பெரிய ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ரோடு முழுக்க முடியவில்லை. முடிந்த இடத்தில் ஒரு துண்டு ரோட்டை மட்டும் ஒதுக்கி, சக்கரம் ஏறுகிற தடத்தில் வரிசையாகக் கல் பதித்திருந்தார்கள். கல் என்று நாம் சொல்வதுதான். தரைக்குப் போடுகிற பெரிய டைல்ஸ் மாதிரி இருக்கும், உள்ளே வட்ட வட்டமாகச் சில்லு அடுக்கியிருக்கும். மேலே மெல்லிசாகத் தார். வண்டி ஏறினால் கல் ஒரு மயிரிழை அமுங்கும். அமுங்கினால் கரண்ட் வரும். அது கம்பி வழியாக ஓரத்துத் தகரக் கொட்டகையில் இருக்கிற பேட்டரிக்குப் போகும். அதிலிருந்து ரோட்டோரம் வரிசையாக நட்ட விளக்குகளுக்கு. ரோட்டில் போகிற வண்டியே ரோட்டுக்கு விளக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்பது எண்ணம்.

ஆனால் ரோடு திறக்காமல் வண்டி எங்கே வரும்? அதனால் ஜல்லி ஏற்றிய ஒரு லாரியைக் கல் மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரே வேகம், சக்கரம் தடம் மாறக் கூடாது. அதற்கு நிதானமான ஆள் வேண்டும் என்று மேஸ்திரி தேடினார். லாரி முதலாளி இவரைச் சொல்லிவிட்டார். அதுவரை எந்த வண்டிக்குக் கூப்பிட்டாலும் தலையை ஆட்டாதவர், இதற்கு மறுபேச்சில்லாமல் சரி என்றார்.

"எப்படி ஒத்துக்கிட்டீங்க?" என்று பெரியவள் கேட்டிருக்கிறாள்.

"அது எங்கயும் போற வண்டி இல்லையே" என்றாராம். "அந்தக் கோடியில மண்ணைக் கொட்டி அடைச்சிருக்காங்க. போயி இறங்குற இடம்னு ஒண்ணு கிடையாது."

மண்மேடு வரை முன்னால் போவார். திரும்ப இடமில்லை. அங்கிருந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவார். மறுபடி முன்னால். காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரை இதுதான். ரிவர்ஸ்காரர் என்று பேர் வைத்தது அங்கே ரோடு கூட்டுகிற பெண்கள். கல் மேல் மணல் கிடந்தால் அளவு தப்பிவிடும் என்பதால் ஒரு கூட்டம் பெண்களுக்கு அதைக் கூட்டிக்கொண்டே இருக்கிற வேலை.

"ஏன் ரிவர்ஸ்காரரே, டீசலை ஊத்தித் தெருவிளக்கு எரிக்கிறீங்களே, இதுக்கு அந்த டீசல்லயே திரி போட்டுக் கொளுத்திட்டுப் போகலாமே?" என்று ஒருத்தி கேட்பாள். அவர் பதில் சொல்லமாட்டார். பதில் சொன்னது மீட்டர் பொண்ணு. கல்லூரியிலிருந்து வந்த சின்னப் பெண்; கழுத்தில் ஒரு மீட்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு கொட்டகைக்கும் ரோட்டுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும்.

"இது சோதனைக்குக்கா. நாளைக்கு ரோடு திறந்தா அவங்கவங்க வேலையா அவங்கவங்க வண்டி போகப்போகுது. அப்ப டீசல் நம்ம செலவில்ல."

"அப்ப போறவன் வர்றவன் டீசலைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருடுறோம்னு சொல்லு."

"ஒரு சொட்டுக்கும் கம்மியாத்தாங்க்கா."

"திருட்டுன்னு ஆனப்புறம் சொட்டென்ன, குடமென்ன?"

அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்துவிடும். கெட்டிக்காரப் பெண், கோபம் வராது.

அங்கே ஒரு வாட்ச்மேன் உண்டு. எல்லாம் தெரிந்தவர். சாப்பாட்டு வேளையில் லாரி சும்மா ஓரத்தில் நிற்பதைப் பார்த்து அவருக்கு மனசு ஆறவில்லை. "அவ்வளவு வெயிட்டு சும்மா நிக்குதே. கல்லு மேல நிறுத்திட்டுப் போய்ச் சாப்பிடுங்க. நீங்க சாப்பிடுற நேரத்துக்கு அதுவும் கொஞ்சம் கரண்டு போடட்டும்" என்றார். மாப்பிள்ளையும் யோசிக்காமல் கல் மேல் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். யார் என்ன சொன்னாலும் செய்கிற காலம் அது. வந்து பார்த்தால் மீட்டர் பொண்ணு தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறது.

"அண்ணே, நிறுத்துனா ஒண்ணும் வராது. அடுப்பு பத்த வைக்க லைட்டர் இருக்குல்ல? அமுக்கினா டக்குனு பொறி வருது. அப்படியே அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னா வருமா? மறுபடி விட்டு மறுபடி அமுக்கணும். ஏறணும், இறங்கணும். சும்மா கிடக்குற பாரம் பாரம்தான், கரண்ட் இல்ல."

"சரிம்மா" என்று வண்டியை எடுத்தார். வாட்ச்மேன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நாம நின்னா கால் கடுக்குதா இல்லையா? அப்ப பாரம் வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?" என்று அன்றைக்கு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் காலையில் லாரியைப் பின்னால் எடுக்கிறார். கண்ணாடியில் சின்னவள் தெரிகிறாள். தலையில் துணி கட்டி, கையில் துடைப்பம். கூட்டுகிற கூட்டத்தில் ஒருத்திக்குப் பிரசவம். அந்த இடத்துக்கு மேஸ்திரியிடம் கேட்டு இவளே வந்து சேர்ந்திருக்கிறாள். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. பெரியவளுக்குக் கோபமான கோபம். "அங்கேயும் போய் அவரு முன்னாடி நிக்கணுமா? கண்ணாடியில பாத்தா நீ, வீட்டுக்கு வந்தா நீ!"

"நான் ஒண்ணும் கேக்கலையேக்கா. கூட்டத்தான் போறேன்."

உண்மைதான், கேட்கவில்லை. லாரி முன்னால் போனால் ஓரத்தில் நிற்பாள். பின்னால் வந்தால் மறுபக்கம் போய் நிற்பாள். நடுவில் கூட்டுவாள். பார்க்கவும் மாட்டாள். மாப்பிள்ளையும் பார்க்கமாட்டார்; கண்ணாடியில் தெரிந்தால் தெரியும். அவ்வளவுதான்.

பிறகு கொட்டகையில் ஏதோ ஒரு கருவி கெட்டுப்போனது. சக்கரம் முதல் கல்லில் ஏறுகிற நேரத்தை அதுவாகக் குறித்துக்கொள்ளும் கருவி அது. புதிது வருகிறவரை கையால் குறிக்க வேண்டும். ரோட்டில் ஒரு வெள்ளைக் கோடு போட்டார்கள். லாரிக்குள் இடப்பக்க ஜன்னலில் ஒரு ஆள் உட்கார்ந்து, முன்சக்கரம் கோட்டைத் தொடும்போது கையிலிருக்கிற சின்னப் பெட்டியில் பட்டனை அமுக்க வேண்டும். மீட்டர் பொண்ணுக்குக் கொட்டகையில் வேலை. மேஸ்திரிக்குக் கண் சரியில்லை. கூட்டுகிற பெண்களைக் கேட்டது அந்தப் பெண்.

"அவ்வளவு உசரத்துல எப்படிம்மா ஏறுறது? புடவை கிழிஞ்சா யாரு தருவா?" என்று ஒருத்தி. "அந்த ஆளு ஒரு வார்த்தை பேசமாட்டாரு. நாள் பூரா கூட உக்காந்தா எனக்கும் பேச்சு நின்னுடும்" என்று இன்னொருத்தி.

"நான் ஏறுறேன்" என்றாள் சின்னவள்.

இடப்பக்க ஸீட்டில் அவர் ஒரு தார்ப்பாயை மடித்து வைத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது அங்கேதான். யாரும் உட்காராமல் இருப்பதற்காக வைத்ததோ என்னவோ. சின்னவள் கதவைத் திறந்து ஏறினாள்.

"அதை எடுக்கட்டுமா?" என்றார், எதிரே பார்த்துக்கொண்டு.

"இருக்கட்டும் மாமா. உசரமா இருந்தாத்தான் கோடு தெரியும்."

தார்ப்பாய் மேலேயே உட்கார்ந்தாள். புருஷன் உட்கார்ந்து செத்துப்போன அந்த லாரி இல்லை இது. ஆனால் இடது பக்கம், ஜன்னலோரம். அப்படி உட்கார்ந்தபோது எப்படியடி இருந்தது என்று நான் பிறகு கேட்டேன். "ஒண்ணும் இல்ல சித்தி. கோட்டைப் பாத்துட்டிருந்தேன்" என்றாள்.

லாரிக்குள் நடந்ததாக இனி நான் சொல்வதெல்லாம் அவள் என்னிடம் சொன்னது.

ஓட்டுவார், அவள் ஜன்னலில் கழுத்தை நீட்டிக் கோட்டைப் பார்ப்பாள், பட்டனை அமுக்குவாள். டக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் அவர் கியரைத் தொடுவார். மண்மேடு. பின்னால். மறுபடி. பேச்சே இல்லை. சாப்பாட்டுக்கு இறங்குவார்கள், அவர் ஒரு பக்கம், அவள் பெண்களோடு ஒரு பக்கம். நாளாக ஆக அவளுக்கு அது பழகிவிட்டது. கேட்க வேண்டும் என்பது மறந்துவிடவில்லை. ஆனால் கேட்காமல் உட்கார்ந்திருப்பது வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட லேசாக இருந்தது என்றாள்.

ஒருநாள் பெட்டியின் வயர் கழன்றுவிட்டது. அவள் குனிந்து, காலடியில் விழுந்த நுனியைத் தேடிக்கொண்டிருந்தாள். லாரி கோட்டைத் தாண்டிக் கல் மேல் ஏறியது. டக் சத்தம் வரவில்லை.

லாரி நின்றது. அவர்தான் நிறுத்தினார். முன்சக்கரம் கல் மேல், மிச்சம் கீழே. கொட்டகையிலிருந்து மீட்டர் பொண்ணு, "அண்ணே, நிக்காதீங்க! நிக்காதீங்க!" என்று கத்துகிறது. இவள் குனிந்தபடியே வயரைத் தேடுகிறாள். இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் கேட்டது.

"ஏம்மா."

இவளுக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று சட்டென்று புரியவில்லை. அத்தனை நாளில் அவர் அந்த வண்டிக்குள் கூப்பிட்டதே இல்லை.

"ஏம்மா, ஏதாவது பேசும்மா."

நிமிர்ந்து பார்த்தாள். அவர் வலப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருக்கிறது. திரும்பவே இல்லை.

"வயரு கழண்டுடுச்சு மாமா. அதான் தேடிட்டிருக்கேன். என்ன ஆச்சு?"

அவர் மூச்சு விட்டார். இன்ஜினை அணைத்தார். திரும்பாமலே பேசினார்.

"பைபாஸ்ல போகாத, பாலம் வேலை நடக்குது, பழைய ரோட்டுல போன்னான். காலைலேருந்து அதையே சொல்லிட்டிருந்தான். எனக்குக் கோவம் வந்துடுச்சு. வாய மூடிக்கிட்டு வாடான்னேன்." கியரைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். "மூடிக்கிட்டான்."

சின்னவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவன் சொன்ன மாதிரியே பாலத்துக்கிட்ட நின்னுபோச்சு. முன்னாடியும் வண்டி, பின்னாடியும் வண்டி. ரொம்ப நேரம் நின்னோம். இந்தப் பக்கம் திரும்பினா சிரிப்பான். பாத்தியா, சொன்னேனா இல்லையான்னு பல்லைக் காட்டுவான். அந்தப் பல்லைப் பாக்கக் கூடாதுன்னு நான் அந்தப் பக்கமே பாத்துட்டிருந்தேன். பாலம் தாண்டியும் பாக்கல. கிடங்கு வர்ற வரைக்கும் பாக்கல. நீ இருக்குற இடத்துலதாம்மா இருந்தான். கையை நீட்டினா தொட்டுடலாம்."

வெளியே மீட்டர் பொண்ணு லாரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கையை ஆட்டிக்கொண்டு வந்தது, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தது. கையைக் கீழே போட்டது. திரும்பிப் போய், கூட்டுகிற பெண்களிடம் "எல்லாரும் டீ குடிச்சிட்டு வாங்க" என்று சொன்னது இவள் காதில் விழுந்தது.

"மூஞ்சில துண்டு போட்டிருந்தாருன்னு சொன்னாங்களே?" என்று கேட்டாள் சின்னவள்.

"ஆமா. கதவத் திறந்தப்பதான் பாத்தேன்."

"அப்ப தூங்கியிருக்காரு மாமா."

"தூங்கிட்டே போனான்னு உங்ககிட்ட எல்லாம் நானா சொன்னதும்மா. கோவத்துல பேசாம வர்றான்னுதான் நான்..."

"கோவம் வந்தா அவருக்குத் தூக்கம் வந்துடும்."

அப்போதுதான் அவர் திரும்பினார். இவளைப் பார்த்தார்.

"நெசமாத்தான். நான் இங்க தொண்டை கிழியக் கத்திட்டிருப்பேன், அங்க துண்டை மூஞ்சில போட்டுக்கிட்டுக் குறட்டை விட்டுட்டிருப்பாரு. கல்யாணமான புதுசுல அதுக்காகவே ஒரு சொம்புத் தண்ணிய எடுத்து மூஞ்சில ஊத்தியிருக்கேன். அக்காவக் கேளுங்க. பாய் காயப் போட்டது அவங்கதான்."

"எனக்குத் தெரியாதே" என்றார். "அத்தனை வருசம் பக்கத்துலயே உக்காந்திருந்தான்."

"நீங்க ரோட்டப் பாத்துட்டிருந்தீங்க மாமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான் பேச்சு. அவள் வயரின் நுனியைக் கண்டுபிடித்து மாட்டினாள். பட்டனை அமுக்கிப் பார்த்தாள், டக் என்றது. "வண்டிய எடுங்க மாமா. அந்தப் பொண்ணு பாவம், வெயில்ல நிக்குது" என்றாள். எடுத்தார்.

இதை அவள் என்னிடம் சொன்னபோது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அவர் மனசு ஆறட்டும் என்று சொன்ன பொய்யா என்று நான் கேட்டேன். "நெசம்தான் சித்தி. பொய்யா இருந்தாலும் சொல்லியிருப்பேன்" என்றாள். "உனக்கு எப்படிடி இருந்துச்சு?" என்றேன். உரித்ததைத் தட்டில் போட்டுவிட்டு யோசித்தாள். "அழுகை வரும்னு நெனச்சேன். வரல. தெரிஞ்சுக்கிட்டோம்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல" என்றாள்.

மாப்பிள்ளைக்கு அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், அப்படி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்பு மாதிரியே போனார், வந்தார். புதுக் கருவி வந்தது. சின்னவள் மறுபடி துடைப்பத்துக்குப் போனாள். ஒருநாள் சாயங்காலம் விளக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். கூட்டுகிற பெண்கள் எல்லாம் இருந்து பார்த்தார்கள். விளக்கு வெள்ளையாக எரிந்தது. நிறைய நேரம் எரியவில்லை. இவ்வளவு ஓட்டியதற்கு இவ்வளவுதானா என்று வாட்ச்மேன் கேட்டார். இவ்வளவுதான் வரும் என்று தெரிந்துகொள்ளத்தானே ஓட்டினோம் என்று மீட்டர் பொண்ணு சொன்னது. அந்தப் பெண்ணுக்கு வருத்தம் இல்லை. பெட்டிகளைக் கட்டிக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனது. மண்மேட்டை வழித்துவிட்டு ரோட்டைத் திறந்தார்கள். கல் எல்லாம் தாருக்குக் கீழே இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் சின்னவளின் அண்ணன் வந்தார். இந்தத் தடவை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. துணிமணியை முன்னாலேயே மடித்து வைத்திருந்தாள்.

பெரியவள்தான் அழுதாள். "கேட்டது கிடைச்சிடுச்சு, கிளம்பிட்டா. கிடைக்காமலே இருந்திருக்கலாம்" என்று குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். சின்னவள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். "லீவுக்கு அனுப்புறேங்க்கா. சத்தியமா அனுப்புறேன்" என்றாள். சண்டை போட்டதற்கு ஒருத்தரிடம் ஒருத்தர் மன்னிப்புக் கேட்கவெல்லாம் இல்லை. பெரியவள் தன் நல்ல புடவை ஒன்றை எடுத்து அவள் பையில் திணித்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ்ஸில் ஏற்றி, சின்னவளையும் குழந்தையையும் ஒரு ஸீட்டில் உட்கார வைத்தார். அண்ணனுக்கு முன்னால் வேறு இடம். எல்லாம் ஆன பிறகும் அவர் இறங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து குழந்தையிடம் சொன்னார்.

"அம்மாகூடப் பேசிக்கிட்டே போ. தூங்கினா எழுப்பு."

"எதுக்கு பெரியப்பா?"

"சும்மாதான். எழுப்பிடு."

"நானும் தூங்கிட்டா?"

"விடுங்க மாமா, குழந்தையைப் போய்" என்றாள் சின்னவள். அவர் தலையாட்டினார். பின்வாசலுக்குப் போய்க் கண்டக்டரைப் பிடித்தார். அந்தப் பையனுக்கு அரும்பு மீசை, வாய் நிறையச் சிரிப்பு.

"தம்பி, நடுவுல ஒரு பொம்பளையும் குழந்தையும் உக்காந்திருக்காங்க. ரெண்டு பேரும் தூங்கிட்டா ஒரு தடவை போய்ப் பாத்துக்கங்க. எழுப்பி ஒரு வார்த்தை பேசிடுங்க."

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தான். விசிலை வாயிலிருந்து எடுத்தான்.

"என்ன பெருசு, பஸ்ல தூங்குறவங்களை எல்லாம் எழுப்பச் சொல்றீங்க? டிரைவர் முழிச்சிருந்தாப் போதாதா?"

பின்னால் நின்ற ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"போதாதுப்பா" என்றார்.